மின்னஞ்சலில் புகும் திருடர்களும் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவையும்

சென்ற தை மாதம் சம்பா அறுவடையின்போது, நெல் காயவைக்கத் தார்ப்பாய் வேண்டி, பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்த நிலச்சுவான்தார் ஒருவர் வண்ணாரப்பேட்டையிலுள்ள ஒரு கடைக்கு மின்னஞ்சலில் எழுதினார். கடைக்காரர் அவருக்கு நெடுநாள் பழக்கமுள்ளவர். விலைப்பட்டியல் வந்தது. மறுநாள் அதே முகவரியிலிருந்து, தங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் பணத்தை வேறொரு கணக்கிற்கு அனுப்பும்படி இன்னொரு கடிதம் வந்தது. அவர் 48,000 ரூபாய் அனுப்பினார். தார்ப்பாய் வரவில்லை. இரண்டாவது கடிதத்தைக் கடைக்காரர் எழுதவேயில்லை.

முகவரி போலியன்று என்பதே இதில் கவனிக்கத்தக்கது. கடைக்காரரின் கடவுச்சொல் திருடன் கையில் சிக்கியிருந்தது. அவன் பல நாட்கள் கொடுக்கல் வாங்கலை வாசித்திருந்து, பணம் கைமாறும் சமயம் பார்த்து எழுதினான். அன்றியும், இந்த வாடிக்கைக்காரரின் பதில்கள் கடைக்காரர் கண்ணில் படாமல் வேறிடம் போகும்படி கணக்கினுள்ளேயே ஒரு விதியும் அமைத்திருந்தான். கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் இவ்விதி அழியாது நிற்கும். வரப்பிலுள்ள எலி வளையில் ஒரு வாயை மட்டும் அடைத்தால் எலி மறுவாயால் போய்விடுவதை நாம் அறிவோம். ஆகையால் கடவுச்சொல்லை மாற்றுவோர், கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் ஏற்பாடு ஏதேனும் உளதா என்பதையும், அறியாத கருவி எதுவும் கணக்கில் நுழைந்திருக்கிறதா என்பதையும் அமைப்புகளில் பார்த்து நீக்குதல் அவசியம்.

பல தளங்களில் மறந்த கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும் கடிதம் மின்னஞ்சலுக்கே வருகிறபடியால், அது களஞ்சியச் சாவிகளெல்லாம் மாட்டியிருக்கும் ஆணிக்கு ஒப்பாகும். அதற்கென வைக்கும் கடவுச்சொல்லை வேறெங்கும் உபயோகிக்கலாகாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்ள வேண்டும். தம் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருக்கும் கனவான்களை நான் கிராமந்தோறும் சந்திக்கிறேன்.

எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில் முந்தானையை விரல்களால் தேய்த்துப் பார்த்து வாங்குகிறவர், பாதி விலையில் களையெடுக்கும் இயந்திரம் என்ற விளம்பரத்தைக் கண்டதும் முன்பணம் செலுத்திவிடுகிறார். அறியாத கடையானால் பொருள் வந்தபின் பணம் தருவதே உசிதம். அறிந்த கடையானாலும், கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வரின், அக்கடிதத்திலுள்ள எண்ணுக்கன்றி, பழைய ரசீதிலுள்ள எண்ணுக்குப் பேசி விசாரிக்க வேண்டும். நமது நண்பர் இதற்குச் செலவிட வேண்டியிருந்தது இரண்டு நிமிஷமே. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்குத் தேவை; பணம் பெறுவதற்கு அதைக் கேட்பவன் திருடன். பி.எம்.கிசான் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்பையும் திறக்கலாகாது. அத்தகைய போலிச் செயலிகள் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் திருடனுக்குக் கடத்தவல்லவை.

பொன்னேரி நண்பரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் சந்தேகித்து இரண்டு நாட்களை வீணாக்கினர். அதற்குள் பணம் அக்கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் பெற்ற வங்கிக்குத் தகவல் சென்று, கணக்கில் மீந்திருப்பதை நிறுத்திவைக்க வழியுண்டு. எனவே கிராம நிர்வாக அலுவலர்கள், தம்மிடம் வருவோரை மனு எழுதச் சொல்லுமுன் 1930க்கும் அவர்தம் வங்கிக்கும் பேசச் செய்தல் நலம். பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம். அதற்கு வங்கியின் பரிவர்த்தனை எண்ணும் வந்த கடிதங்களும் வேண்டியிருக்குமாதலால், கோபத்தில் அவற்றை அழித்துவிடலாகாது.