தூய இனக் கால்நடைகளும் வளர்ப்போர் சங்கங்களும்: கச்சு மாவட்டம் தரும் பாடம்

2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் நமது நாட்டின் மாடுகளின் தொகை 19.35 கோடி எனக் கண்டறியப்பட்டது. 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுகையில் கலப்பின மாடுகள் கால் பங்குக்கு மேல் பெருகியிருந்தன. நாட்டு மாடுகளோ ஆறு விழுக்காடு குறைந்திருந்தன. ஒட்டகங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஏழே ஆண்டுகளில் அவை 37 விழுக்காடு குறைந்து இரண்டரை லட்சமாயின. இச்சரிவைத் தடுப்பதில் இனவாரியான வளர்ப்போர் சங்கங்களுக்கு உள்ள பங்கு பற்றி நம் நாட்டில் போதிய அளவு பேசப்படவில்லை.

ஒரு காளை தூய இனத்தைச் சேர்ந்ததா என்பதை அதன் திமிலையும் கொம்பையும் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. அதன் தாய் எவ்வளவு கறந்தது, தந்தை எந்த மந்தையைச் சேர்ந்தது என்பவை ஏட்டில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஷார்ட்ஹார்ன் இனத்துக்கான வம்சாவளிப் பதிவேட்டை ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் 1822இல் வெளியிட்டார். நமது கிர், காங்கிரேஜ், ஓங்கோல் இனங்கள் பிரேசில் நாட்டில் தழைத்ததற்கும் இத்தகைய ஏடுகளே பெரிதும் காரணம். அங்கு உபெராபா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே சங்கம், திமில் மாட்டினங்கள் பலவற்றுக்கும் தனித்தனி ஏடுகளைப் பராமரித்து வருகிறது. ஏடுகள் வேறு, அலுவலகம் ஒன்று என்பதே அதன் சிக்கன இரகசியம் எனலாம்.

நம் நாட்டில் மத்திய மந்தைப் பதிவுத் திட்டம் ரோத்தக், அகமதாபாத், ஓங்கோல், அஜ்மீர் ஆகிய இடங்களில் அலகுகளை அமைத்துத் தேர்ந்த பசுக்களையும் எருமைகளையும் பதிவு செய்து வந்துள்ளது. பணி நற்பணியே. ஆயினும் பதிவு செய்பவர் அரசு ஊழியர். மாட்டுக்கு உரியவர் அருகில் நின்று பார்ப்பவர். தமக்குச் சொந்தமில்லாத ஏட்டின்மீது எவருக்கும் பற்று ஏற்படுவதில்லை. இதை நம் துறையினர் ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

பொருளாதார நோக்கில் இதிலுள்ள இடர்ப்பாடு தெளிவானது. நல்ல பொலிகாளை ஒன்றைப் பேணும் செலவு ஒருவருடையது. பயனோ சுற்றுவட்டாரம் முழுவதற்கும் போய்ச் சேருகிறது. எனவே தனியொருவர் அதில் முதலிடத் தயங்குவது இயல்பே. மேலும், காளை பால் தருவதில்லை. அதன் தரத்தை அதன் பெண் கன்றுகள் வளர்ந்து, ஈன்று, கறந்த பின்னரே அளந்தறிய முடியும். அதற்குப் பல ஆண்டுகளும் பல மந்தைகளும் வேண்டும். சில நூறு உறுப்பினரே உள்ள சங்கம் இச்சுமையைத் தனித்துத் தாங்க இயலாது. பால் அளவைப் பணியாளர், விந்து சேமிப்பு, ஆய்வுக்கூடம் ஆகியவற்றைப் பல இனச் சங்கங்கள் பொதுவில் வைத்துக்கொள்வதே வழி. ஆண்டுக்கொருமுறை கண்காட்சியில் கூடி, மாலை மரியாதை பெற்றுக் கலைவது கூட்டுறவு ஆகாது.

குசராத்தின் கச்சு மாவட்டம் இவ்வகையில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னிப் புல்வெளியில் மால்தாரிகள் வளர்க்கும் எருமைகள், இரவில் மேய்ந்து விடியலில் தாமே வீடு திரும்பும் இயல்புடையவை. தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட போதிலும், அரசு ஏடுகளில் அவற்றுக்குத் தனிப்பெயர் இருந்ததில்லை. மால்தாரிகள் சங்கமாகத் திரண்டு, தொண்டு நிறுவனத்தோடும் வேளாண் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகம் 2010இல் பன்னி எருமையைத் தனி இனமாகப் பதிவு செய்தது. வளர்ப்போரே முன்னின்று பெற்ற அங்கீகாரம் என்பது இதன் சிறப்பு.

அடுத்து ஒட்டகம் வளர்ப்போரும் சங்கம் கண்டனர். இதில் ரபாரிகளும் பக்கிராணி ஜத்துகளும் ஒன்றாக இடம்பெற்றனர். கடற்கழியில் நீந்திச் சென்று அலையாத்தித் தழையை மேயும் காராய் ஒட்டகம் 2015இல் தனி இனமாகப் பதிவாயிற்று. ஆனால் பதிவுச் சான்றிதழ் எந்த இளைஞனையும் மந்தைக்குத் திருப்பியதில்லை. திருப்பியது பாலின் விலை. 2016இல் ஒட்டகப் பாலுக்கு உணவுத் தரம் வகுக்கப்பட்டது. மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியம் கொள்முதலில் இறங்கியது. 2019இல் அமுல் பெயரில் புட்டிப்பால் கடைக்கு வந்தது. லிட்டருக்கு ஐம்பது ரூபாய் அளவில் கிடைக்கத் தொடங்கிய பின்னர், லாரி ஓட்டவும் ஆலைக்கூலிக்கும் சென்றிருந்த மால்தாரி இளைஞர்கள் சிலர் மீண்டும் ஒட்டகத்தின் பின்னே நடக்கலாயினர்.

இளைஞரை ஈர்ப்பது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பயிற்சி முகாமையே நினைக்கின்றனர். முகாமில் உணவும் சான்றிதழும் கிடைக்கும், மறுநாள்? முதியவர்களுக்குத் தாய்வழி ஐந்து தலைமுறை மனப்பாடம், எழுத்து வராது. பேரனுக்கு எழுத்து வரும், மந்தை தெரியாது. இவ்விருவரையும் ஒரே ஏட்டின் முன் அமர்த்தும் வேலையைச் சங்கமே செய்ய இயலும். இன்று கால்நடைகளின் காதில் பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை பொருத்தப்படுகிறது. அந்த எண்ணோடு மாதந்தோறும் பால் அளவையும் ஈற்றையும் பதிவதற்கு உறுப்பினர் குடும்பத்து இளைஞர்களை, மகளிர் உட்பட, ஊதியத்துக்கு அமர்த்தலாம். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தொண்டு என்ற பெயரில் இளைஞர் உழைப்பை இலவசமாகப் பெறும் வழக்கம் சங்கங்களிடம் உண்டு. கறப்பதும் கன்று பேணுவதும் பெண்களே என்றாலும், உறுப்பினர் பட்டியலில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருப்பதும் திருத்தத்தக்கதே.

எருமைக்கும் ஒட்டகத்துக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருப்பினும், மேய்ச்சல் நிலம் என்று வரும்போது அவற்றின் வழக்கு ஒன்றே. பன்னி 1955இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் மால்தாரிகள் சமூக உரிமை கோரினர். சீமைக் கருவேலம் ஒருபுறம் பரவப் புல் சுருங்குகிறது. இருபது வயது இளைஞன் முதலில் கேட்பது தன் தந்தை மேய்த்த நிலம் தனக்கு இருக்குமா என்பதைத்தான். அதற்குரிய விடை கால்நடைத் துறையிடம் இல்லை. வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து எழுத்தில் தர வேண்டியது அது.