குளிர்காலச் சோர்வும் வேளை தவறாத சிறு மகிழ்ச்சிகளும்

மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்ற அச்சத்துடன் ஒரு மகள் தம் தந்தையாரை எமது முதியோர் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்த, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்த பெரியவர். (அடையாளங்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன்.) பகலெல்லாம் உறங்குகிறார், கேட்டதற்கு ஒரு சொல்லில் விடை சொல்கிறார், வீடு அதிர அரசியல் பேசியவர் இப்போது வானொலியைக்கூடப் போடுவதில்லை, இனிப்பை மட்டும் தேடி உண்பதால் இரத்தச் சர்க்கரையும் ஏறிவிட்டது. நினைவாற்றலைச் சோதித்தோம். பெருங்குறை எதுவும் இல்லை. இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று மகளிடம் வினவினேன். “மணிக்கூட்டைப் பின்னுக்கு விட்ட கிழமையோடைதான், டொக்டர். போன வருசமும் இப்படித்தான். பங்குனியிலை தானாய் மாறினவர்” என்றார். நோயை இனங்காண அவ்விடையே பெரிதும் உதவியது.

ஆண்டுதோறும் ஒளி குறையும்போது வந்து, இளவேனிலில் விலகும் இந்நோயைப் பருவகால மனச்சோர்வு என்கிறோம். 1984ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இதனை விவரித்துப் பெயரிட்டனர். அவர் தென்னாபிரிக்க வெயிலில் வளர்ந்து, நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தபின் இம்மாற்றத்தைத் தம்மிடமே கண்டவர். நம்மவருக்கும் அக்கதை புதிதன்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ பதினொன்றரை மணித்தியாலம் நீளும். ரொறன்ரோவில் மார்கழியில் காலை 7.45 அளவிலேயே சூரியன் எழுகிறது, மாலை 4.45 அளவில் மறைந்துவிடுகிறது. விழியினூடாகச் செல்லும் காலை ஒளியே மூளையின் நாட்கடிகாரத்தைத் தினமும் சரிசெய்கிறது. அவ்வொளி பிந்தினால் உறக்கம், பசி, ஊக்கம் மூன்றும் நேரம் தவறுகின்றன. அளவுமீறிய உறக்கமும் மாப்பொருள், இனிப்பு மீதான நாட்டமும் இந்நோயில் அடிக்கடி காணப்படுகின்றன. ஆகவே, தந்தையார் இனிப்பைத் தேடியதை அடக்கமின்மை என்று கடிந்துகொள்ளவேண்டாம் என மகளிடம் கூறினேன்.

மருத்துவராகத் தொடங்கிய காலத்தில் இத்தகையவர்களிடம், “ஏதாவது நல்ல படம் பாருங்கள், மனத்தை மகிழ்ச்சியாக வைத்திருங்கள்” என்று நானும் சொல்லி அனுப்பியதுண்டு. எவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்ற விருப்பத்தையே இந்நோய் முதலில் பறித்துவிடுகிறது. மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருப்பவருக்குப் பங்குனி வரை மனம் வராது. செயல் முன்னே சென்றால்தான் மனம் பின்னே வரும். இன்றைய உளச்சிகிச்சையில் இதற்கென ஒரு முறையே இருக்கிறது. மருந்துக்கு வேளை குறிப்பதுபோல, செய்யவேண்டியதைச் சிறிதாக்கி, நாளும் நேரமும் குறித்து, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யவைப்பதே அம்முறை.

பெரியவருக்கு நாம் குறித்த முதல் வேளை காலை ஒன்பது மணி. குளித்து உடைமாற்றி, திரைச்சீலை விலக்கிய சாளரத்தின் அருகே அமர்ந்து தேநீர் அருந்தவேண்டும். வழுக்காத நாளாயின் பத்து நிமிடம் வெளியே நடக்கவேண்டும். முகில் மூடிய வானம்கூட வீட்டு மின்விளக்கைவிடப் பன்மடங்கு ஒளி தரும். இரண்டாவது வேளை பிற்பகல் மூன்றரை. இருள் இறங்கும் அந்த நேரமே பலருக்கு மிகக் கடினமானது. பொழுதுபோக்கை அங்கே வைப்பது நல்லது.

எதைப் பார்ப்பது? பழிவாங்கும் மாமியார்களும் முடிவில்லாத் தொடர்களும், நாள் முழுதும் ஓடும் போர்ச் செய்திகளும் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. என் தாயார் இதனை ஏற்பதில்லை. தொடக்கமும் முடிவும் உள்ள, முன்பே பார்த்துச் சிரித்த ஒன்றே சோர்ந்த மனத்துக்கு எளிது. 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு நாகேஷ் கதைசொல்லும் காட்சி சில நிமிடங்களே, நாளொன்றுக்கு அவ்வளவு போதும். அமெரிக்க இதழாசிரியர் நோர்மன் கசின்ஸ், கடும் வலியில் கிடந்தபோது நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணித்தியாலம் வலியின்றி உறங்க முடிந்ததாக 1979இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். சிரிப்பு நோயைக் குணமாக்கியது என்பதற்கு அது சான்றாகாது. எனினும் இரண்டு மணித்தியால உறக்கம் சிறிய பேறன்று.

பார்ப்பதைவிடச் சேர்ந்து செய்வது மேலும் பயன்தரும். பெரியவர் திரைப்படத்தை மறுத்துவிட்டார். ஆனால் ‘முந்நூற்று நான்கு’ என்றதும் நிமிர்ந்தார். நால்வர் இன்றி அந்தச் சீட்டாட்டம் நடவாது, துரும்பை நினைவில் வைக்கவேண்டும், புள்ளிகளைக் கூட்டவேண்டும், துணைவர் விட்ட பிழைக்குக் கோபிக்கவும் வேண்டும். வாரத்தில் இரு நாள், அயலில் இருந்த இரு நண்பர்களும் பேரனும் சேர்ந்தனர். முதல் இரு வாரங்கள் வேண்டாவெறுப்பாகவே அமர்ந்திருந்தார். மூன்றாம் வாரம் பேரன் பிழையாகக் கூட்டியதைப் பிடித்துவிட்டார் என்று மகள் தொலைபேசியில் சொன்னார். நால்வர் கிடையாத வீட்டில் பாட்டுக்குப் பாட்டுப் பாடலாம். அதற்கு இருவர் போதும்.

உணவும் ஓர் ஆறுதலே. சூடான ஒடியற்கூழின் மணம் ஒருவரை ஊருக்கே அழைத்துச் செல்லும். ஆயினும் சிறுநீரக நோயாளரும் நீரின் அளவு மட்டுப்படுத்தப்பட்ட இதய நோயாளரும் முதலில் எமது உணவியலாளரைக் கேட்டறியுங்கள்.

பராமரிப்பாளருக்கு ஒன்று சொல்லவேண்டும். இருளில் வேலைக்குச் சென்று இருளில் வீடு திரும்பும் மகளுக்கும் இதே குளிர்காலந்தான். மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் வெளியே செல்லுமாறு அவருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

இவை போதாதபோது 10,000 லக்ஸ் அளவுள்ள சிகிச்சை விளக்கை விழித்தெழுந்த சிறிது நேரத்தில் அரைமணி பயன்படுத்துவதுண்டு. நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டோரும், இருமுனை மனநோய் உடையோரும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து உட்கொள்வோரும் எம்மைக் கேளாமல் அதனை வாங்கவேண்டாம். மருந்தும் உளச்சிகிச்சையும் தேவைப்படுவோரும் உளர். பெரியவருக்கும் சிறிதளவு மருந்து கொடுத்தோம்.

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உணவு குறைந்தாலோ, “இருந்து என்ன பயன்” என்ற பேச்சு எழுந்தாலோ காத்திருக்காதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவர் எந்நேரமும் 988ஐ அழைக்கலாம்; உடனடி ஆபத்தெனில் 911. 988இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுவர். எமது மருத்துவமனைக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள்: பிள்ளைகள் அறையில் இருக்கும்போது பெற்றோர் பலர் இவ்விடயத்தைச் சொல்வதில்லை.