பேண்ட்ஸா ரம்பம்: பூட்டலும் பாதுகாப்பும்

கேள்வி: எங்கள் தச்சுப் பட்டறைக்குப் புதிதாக பேண்ட்ஸா ரம்பம் வாங்கியிருக்கிறோம். முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை யாவை?

பதில்: மின்சார இணைப்பை அறவே நீக்கிய பின்னரே பிளேடைத் தொட்டு, பற்கள் மேஜையை நோக்கிக் கீழ்முகமாக இருக்குமாறு சக்கரங்களில் மாட்டி, போதிய இழுவிசை கொடுத்து, மேற்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, பிளேடு விளிம்புக்கு நழுவாமல் ஓடுகிறதா என்று பரீட்சித்த பிறகே பக்க வழிகாட்டிகளைப் பற்களில் படாதபடி அமைக்க வேண்டும்.

திறந்து நிற்கும் பிளேடின் நீளமே பெரும்பாலும் ஆபத்துக்கு ஹேதுவாகையால், மரத்துக்கு மேல் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியே இருக்குமாறு காப்பைத் தாழ்த்துவது அத்தியாவசியம். கையுறை கூடாது, வெட்டின் இறுதியில் தள்ளுகோலே மரத்தைத் தள்ளட்டும். உருண்டைக் கட்டையைப் பற்கள் பற்றிச் சுழற்றிக் கையையும் இழுத்துவிடுமாதலால், தாங்குசட்டமின்றி அதை ஒருபோதும் அறுக்கலாகாது.