ஆளில்லாத வீட்டில் ஒரு கணினி

நுழையும்முன்
வீட்டு விளக்கையும் நீர்மோட்டாரையும் கணினி இயக்குவது நகரத்துச் செல்வர்களின் வசதியாகவே பெரிதும் பேசப்படுகிறது. பட்டாசுத் தொழில் நடக்கும் சிற்றூர் ஒன்றில் அதன் தேவை வேறு வகையானது. அத்தேவையையும், அதற்குரிய மென்பொருளை நிறுவி மேம்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கைப்பேசி எட்டாத பொழுது

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டி அமைந்த ஊர் நாரணாபுரம். மழை குறைந்த, வறண்ட காற்று வீசும் இப்பகுதியில் தீப்பெட்டித் தொழிலும் அதன்வழி பட்டாசுத் தொழிலும் வேரூன்றின. 1920களின் தொடக்கத்தில் கொல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதற்கு வித்திட்டவர்கள்.

வெடிமருந்து கையாளும் அறைக்குள் நுழைவோர் பருத்தி ஆடை அணிந்திருத்தல் வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்க, நிலத்தோடு இணைக்கப்பட்ட உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே செல்லுதல் வேண்டும். கைப்பேசிக்கு அங்கு இடமில்லை. சிறு பொறியும் உயிரைப் பறிக்கும் இடத்தில் இக்கட்டுப்பாடு மிகையன்று.

பெற்றோர் இருவரும் ஆலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிட்ட வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிகிறது. அல்லது கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வெறுமனே சுழன்று சூடேறுகிறது. கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவி பொருத்தப்பட்டிருந்தாலும், அச்செய்தி மாலைவரை படிக்கப்படாமலே கிடக்கும். ஆகவே, இவ்வீட்டிற்குத் தேவை செய்தி சொல்லும் கருவியன்று; தானே முடிவெடுத்து நிறுத்தும் கருவியே.

கடைகளில் கிடைக்கும் திறன் கருவிகளுள் பல, தம் கட்டளையைத் தொலைதூர வழங்கி ஒன்றிலிருந்து பெறுபவை. இணையம் அறுந்தால் அவற்றின் திறனும் அறும். வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் கணினி இருப்பின் இக்குறை எழாது.

உள்ளங்கையில் அடங்கும் கணினி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டன் முதலியோர், மாணவர் நிரல் எழுதிப் பழகுவதற்கு உருவாக்கிய கணினி ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த இதில் செயலியும் நினைவகமும் ஒரே பலகையில் அமைந்துள்ளன. பெயரின் பிற்பகுதி பைத்தான் என்னும் நிரல்மொழியைக் குறிக்கும்.

அதே பைத்தான் மொழியில் 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். உணரிகள் தரும் தகவலைப் பெற்று, நாம் வகுத்த விதிப்படி கருவிகளை இயக்குவது இதன் பணி. உலகெங்குமுள்ள தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த இதனை விலையின்றிப் பெறலாம்.

தெரியுமா?
உணரிகள் செய்தி பரிமாறப் பயன்படும் எம்.க்யூ.டி.டி. என்னும் நெறிமுறையை 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகியோர் வகுத்தனர். தொலைவிலுள்ள எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எழுந்த நெறிமுறை, இன்று வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பயன்படுகிறது.

நிறுவுதல்

நிறுவும் பணி எளிது. வேறொரு கணினியில், ராஸ்பெரி பை நிறுவனத்தாரே வழங்கும் இமேஜர் என்னும் செயலியைத் திறந்து, பலகையின் வகையையும் ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்தையும் தேர்ந்து, மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுதச் செய்ய வேண்டும். அட்டையில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும். பின்னர் அட்டையைப் பலகையில் செருகி, கம்பி வழியாக மோடத்துடன் இணைத்து, மின்சாரம் தர வேண்டும். முதல் இயக்கத்திற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டிப்பதே பலர் செய்யும் பிழை. அதன்பின் உலாவியில் அக்கணினியின் முகவரியோடு 8123 என்னும் வாயில் எண்ணைச் சேர்த்துத் தந்தால் முகப்புத் திரை தோன்றும். தமிழையும் அதன் மொழியாகத் தேர்ந்துகொள்ளலாம்.

கடினமான பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகிறது. "காலை ஆறு மணிக்கு மோட்டாரை இயக்குக" என்று விதி எழுதுவது எவருக்கும் எளிது. ஆனால் ராஸ்பெரி பையின் நான்காம் தலைமுறை வரையிலான பலகைகளில் மின்சாரம் நின்றபின் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. இணையத்திடம் கேட்டே அவை நேரத்தை அறியும். ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு. அதற்குரிய மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். மின்வெட்டுக்குப்பின் இணையமும் இல்லையெனில் கணினியின் ஆறு மணி வேறு, ஊரின் ஆறு மணி வேறு. எனவே மோட்டாரை நிறுத்தும் விதி நேரத்தை நம்பாமல் நீர்மட்டத்தை நம்புவதாக அமைதல் வேண்டும்.

திடீர் மின்வெட்டு அட்டையில் எழுதப்படும் தரவுகளையும் சிதைக்கும். கணினிக்கும் மோடத்திற்கும் சிறிய தடையிலா மின்வழங்கி பொருத்துவது வீண்செலவன்று. மோட்டார் இணைப்பை மின்பணியாளரே செய்தல் வேண்டும். கணினி பழுதுற்றாலும் மோட்டாரை நிறுத்தும் மிதவை விசை ஒன்று தனித்து இருத்தலும் இன்றியமையாதது.

பயன் கண்டவர் இதே பலகையைப் பட்டாசு அறையின் வெப்பநிலையை அறியவும் வைக்கலாமே என எண்ணக்கூடும். கூடாது. ரிலே திறந்து மூடும்போது சிறு பொறி தோன்றும். வெடிமருந்துப் பகுதிக்கெனத் தனியே வடிவமைத்துச் சான்று பெற்ற கருவிகளே அங்குச் செல்லத் தக்கவை.

மேம்படுத்துதல்

ஹோம் அசிஸ்டன்ட் மாதந்தோறும் புதிய பதிப்பாக வருகிறது. 2020 டிசம்பர் முதல் ஆண்டும் மாதமுமே பதிப்பெண்ணாயின. பாதுகாப்புக் குறைகள் களையப்படுவதால் மேம்படுத்தாமல் விடுதல் தவறு. படிக்காமல் மேம்படுத்துதல் அதனினும் தவறு. பழைய விதிகளோடு பொருந்தாத மாற்றங்கள் ஒவ்வொரு பதிப்பின் குறிப்பிலும் தனித்தலைப்பில் தரப்படுகின்றன. நம் வீட்டில் உள்ள கருவிகளின் பெயர் அப்பட்டியலில் உண்டா என்று பார்த்தல் முதற்கடமை.

அடுத்தது காப்புநகல். அதே அட்டையில் கிடக்கும் காப்புநகல் அட்டையோடு அழியும். பென்டிரைவிலோ வேறு கணினியிலோ அதனை வைக்க வேண்டும். மறையாக்கம் செய்யப்பட்ட நகலாயின், அதனைத் திறக்கும் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்தல் நலம். இயங்குதளம் தன்னை இரு பகுதிகளாக வைத்துக்கொண்டு, புதியது எழாவிடில் பழையதற்குத் திரும்பும் அமைப்புடையது. ஆயினும் தவறாக மாறிய விதியை அது கண்டறியாது.

பலகையின் வயதும் கருதத்தக்கது. 32 பிட் கணினிகளுக்கான ஆதரவை ஆறு மாதங்களில் விலக்கிக்கொள்வதாக இம்மென்பொருள் குழு 2025 மே மாதத்தில் அறிவித்தது. பழைய பலகைகள் நின்றுவிடா. புதிய பதிப்புகளைப் பெறா.

மேம்படுத்தலுக்கு ஏற்ற நாள் எது? ஆலைக்குப் புறப்படும் காலைப்பொழுதன்று. விடுமுறை நாளில், வீட்டார் உடனிருக்கையில் அதனைச் செய்ய வேண்டும். பணி முடிந்தபின் திரையில் பச்சைக் குறி தோன்றியதும் எழுந்துவிடாமல், தொட்டியில் சிறிது நீரைத் திறந்துவிட்டு மோட்டாரை இயக்கி, நீர்மட்டம் உயர்ந்து மோட்டார் தானாக நிற்கும்வரை மாடியில் ஒருவர் காத்திருந்து பார்க்க வேண்டும். அடுத்து, இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு அதனையே மறுமுறை செய்து பார்க்க வேண்டும்.