மேசை வாள் பழுதானால்: பார்க்கக்கூடியது எது, தொடக்கூடாதது எது?

ரெனான், சென்ற் இமியே, லா ஷோ-த-ஃபோன் பக்கங்களில் தச்சுப் பட்டறையிலோ வேலைப் பயிற்சித் திட்டத்திலோ சேரும் உறவுகளுக்காக இந்தப் பாடம். மேசையின் நடுவே வட்ட பிளேட் சுற்ற, பலகையை நாங்கள் தள்ளும் இயந்திரம் பற்றியது. பிரெஞ்சில் "சி சிர்க்குலேர்" என்பார்கள். ஜெர்மன் பேசும் முதலாளி என்றால் "கிறைஸ்சேகே" என்பார்.

"ஊரிலை பத்து வருசம் வாள் ஓட்டினனான், எனக்கென்ன பாடம்?" என்று சிலர் கேட்பினம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர்ப் பட்டறையில் வாள் நின்றால் ஓட்டுபவரே மூடியைக் கழற்றி, வயரைப் பிடித்துப் பார்த்து, பெல்ற்றை இழுத்து விட்டு மீண்டும் ஓட்டுவார். அதைக் கெட்டித்தனம் என்று மெச்சுவார்கள். இங்கே அதே கெட்டித்தனம் ஆளை வேலையை விட்டே அனுப்பிவிடும். என்ன பழுது என்று கவனிப்பதும், உடனே நிறுத்துவதும், பொறுப்பாளரிடம் சொல்வதும் உங்கள் வேலை. பிளேட் பக்கத்துப் பழுதை, ஒருவர் காட்டித் தந்த பிறகு, நீங்களே பார்க்கலாம். கரண்ட் பக்கத்துப் பழுதைத் திறந்து பார்ப்பது உங்கள் வேலை அல்ல. சுவர் சொக்கற், பியூஸ் பெட்டி போன்றவற்றில் வேலை செய்ய சுவிஸ் சட்டப்படி அனுமதி பெற்றவர் வேண்டும்.

எதைப் பார்க்க முதலும் பிளக்கைக் கழற்றுங்கோ. சுவிச்சை நிறுத்தியது போதாது. பிளக் இல்லாமல் நேரடியாகப் பொருத்திய இயந்திரம் என்றால் பிரதான சுவிச்சை நிறுத்தி, அதில் பூட்டுப் போடும் ஓட்டை இருந்தால் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருங்கோ. பிறகு பிளேட் முழுதாக நிற்கும்வரை பொறுங்கோ. புது இயந்திரங்களில் பிறேக் இருக்கும், 10 செக்கனுக்குள் நின்றுவிடும். பழைய வாள்கள் சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றும். மரத்துண்டைப் பக்கவாட்டில் அழுத்தி நிறுத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கோ. பிளேட் வளையும், துண்டு பறக்கும்.

இனிக் கரண்ட் பக்கம். இலங்கையிலும் இங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். அதனால் எல்லாம் ஒன்று என்று நினைக்கக்கூடாது. ஊரில் சதுரக் கால் பிளக்குக்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும். சுவிஸ் பிளக்குக்குள் பியூஸ் இல்லை, பாதுகாப்பு முழுதும் சுவர்ப் பெட்டியில்தான். பழைய கட்டிடங்களில் வயர் நிறங்களும் நீங்கள் பழகியதுபோல் இராது. நிறத்தைப் பார்த்து "இதுதான் ஏர்த்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

சுவிச்சை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்றால், முதலில் சிவப்பு அவசர நிறுத்தக் குமிழைப் பாருங்கோ. ஒருவர் அமத்திவிட்டு மறந்திருப்பார். திருகினால் வெளியே வரும். அடுத்தது மூடிகள். சில இயந்திரங்களில் பிளேட் அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் மோட்டர் தொடங்காது. அந்தக் கதவுச் சுவிச்சுக்கு ஒட்டு நாடா போட்டு ஏமாற்றுவதை எங்காவது கண்டால் அந்த வாளில் வேலை செய்யாதேங்கோ. பச்சைப் பொத்தானை அமத்தும்போது ஓடி, கையை எடுத்தவுடன் நின்றால், பழுது பெரும்பாலும் அந்தச் சுவிச்சுக்குள்தான். அது வெறும் சுவிச் அல்ல. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் வாள் தானாகத் தொடங்காமல் தடுப்பது அதுதான். "நேரே வயரைக் கொடுத்தால் ஓடும்" என்று ஒருவர் சொன்னால், உங்கள் கை மேசையில் இருக்கும்போது வாள் தானாகத் தொடங்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் ஒரு செக்கன்கூடப் பொறுக்காமல் நிறுத்துங்கோ. சாதாரண 230 வோல்ற் மோட்டர் என்றால் தொடங்க உதவும் கப்பாசிற்றர் போயிருக்கலாம். நிறுத்திய பிறகும் அதற்குள் கரண்ட் நிற்கும் என்பதால் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். மூன்று பேஸ், 400 வோல்ற் மோட்டர் என்றால் ஒரு பேஸ் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். பழைய கட்டிடங்களில் வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள் மூன்று வரிசையாகத் திருகியிருக்கும். அதில் ஒன்று எரிந்தாலே இந்த உறுமல் வரும். எரிந்த பியூஸின் நுனியில் உள்ள சின்ன நிறப்பொட்டு கழன்றிருக்கும். சிவப்புப் பொட்டு 10 அம்பியர், சாம்பல் 16, மஞ்சள் 25. பொட்டைப் பார்த்துப் பொறுப்பாளரிடம் சொல்லலாம். 10 எரிந்த இடத்தில் "பெரிசு ஒன்று போட்டால் நிக்கும்" என்று 16ஐத் திருகும் யோசனை வேண்டாம். எரிய வேண்டியது பியூஸ், சுவருக்குள் இருக்கும் வயர் அல்ல.

தொடங்கும்போதோ தடித்த பலகை தள்ளும்போதோ கரண்ட் வெட்டுப்பட்டால் கணக்கைப் பாருங்கோ. 2000 வாட் மோட்டர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் எடுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. சாதாரண சுவர்ச் சொக்கற் 10 அம்பியர். அதே வரிசையில் தூசு உறிஞ்சியும் மின் அடுப்பும் ஓடினால் வெட்டாமல் என்ன செய்யும்? உருளையில் சுற்றிய நீட்டு வயர் என்றால் முழுவதையும் விரித்து விடவேணும். சுற்றியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகும், மோட்டரும் பலமிழந்து இழுக்கும். மொண்ணைப் பிளேட்டும் இதே வெட்டைத் தரும். மோட்டர் திணறும்போது கூடக் கரண்ட் இழுக்கும். ஆகவே "கரண்ட் பழுது" என்று வருவதில் ஒரு பங்கு உண்மையில் பிளேட் பழுதுதான். அரை மணி ஓடிய பிறகு தானாக நின்று, ஆறியதும் மீண்டும் ஓடினால் மோட்டரின் காற்றுத் துளைகளில் மரத்தூள் அடைத்திருக்கிறதா பாருங்கோ. பிளக்கைக் கழற்றி, வெளியே உள்ள தூளை உறிஞ்சி எடுப்பது நீங்கள் செய்யக்கூடிய வேலை.

சுவர்ப் பெட்டியில் சோதனைப் பொத்தான் உள்ள அகலமான வெட்டி ஒன்று இருக்கும். பிரெஞ்சில் "டிஸ்ஜோன்க்தேர் டிஃபெரான்சியேல்", ஜெர்மன் பக்கம் "எஃப்-ஈ". 30 மில்லி அம்பியர் அளவு கரண்ட் வேறு வழியால் கசிந்தாலே அது வெட்டும். அந்த வழி உங்கள் உடம்பாகவும் இருக்கலாம். வாளைத் தொடங்கும்போது இது வெட்டினால் எங்கோ வயர் உரிந்திருக்கிறது அல்லது ஈரம் போயிருக்கிறது. ஒருமுறை மீண்டும் போடலாம். இரண்டாம் முறையும் வெட்டினால் பிளக்கைக் கழற்றி விட்டுச் சொல்லுங்கோ. ஏர்த்தைக் கழற்றினால் வெட்டாது என்று ஊரில் சொல்லித் தந்தவர்கள் உண்டு. வெட்டாதுதான். பிறகு இரும்பு மேசையே கரண்டாக நிற்கும்.

எல்லைக்கு அப்பால் பிரான்ஸ் பக்கத்தில் மலிவாகப் பழைய வாள் வாங்கும் உறவுகளுக்கு ஒரு சொல். அந்தப் பிளக் இங்குள்ள சொக்கற்றுக்குப் பொருந்தாது. பயணக்காரர் வைத்திருக்கும் சின்ன அடப்டர் போட்டு ஓட்டினால் ஏர்த் கிடைக்காமல் போகலாம். மின்வேலைக்காரரிடம் கொடுத்து சுவிஸ் பிளக் போடுங்கோ. மூன்று பேஸ் வாளை வேறு சொக்கற்றுக்கு மாற்றினால் பிளேட் எதிர்ப்பக்கம் சுற்றவும் வாய்ப்புண்டு. மரம் வைக்காமல், தள்ளி நின்று ஒரு கணம் போட்டு நிறுத்துங்கோ. மேசைக்கு மேலே தெரியும் பற்கள் உங்களை நோக்கி வரவேணும். அப்பால் போனால் பேஸ் மாறியிருக்கிறது. வெட்டவும் மாட்டாது, பிளேட் நட்டும் தளரும்.

பிளேட் பக்கம் வருவோம். பலகை கருகுகிறது, புகை மணக்கிறது, கூடுதலாகத் தள்ளவேண்டி இருக்கிறது. இந்த மலைகளில் அரிவது பெரும்பாலும் ஊசியிலை மரம், பிரெஞ்சில் "சப்பேன்". பிசின் உள்ள மரம். நாங்கள் முதிரை, தேக்கு என்று அரிந்து பழகியவர்கள், இந்தப் பிசினை எதிர்பார்ப்பதில்லை. அது பல்லின் பக்கங்களில் பழுப்பாய் ஒட்டி, கூரான பிளேட்டையும் மொண்ணை மாதிரி ஆக்கிவிடும். பிளேட்டைக் கழற்றி, பிசின் கரைப்பானில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்தால் பழைய பிளேட் புதிதாகும். புது பிளேட் வாங்கித் தரச் சொல்லமுதல் இதைச் செய்து பாருங்கோ, பொறுப்பாளரும் சந்தோசப்படுவார். "ஏத்ர்" எனப்படும் பீச் மரம் வேறு கதை. சுத்தமான பிளேட்டிலும் சீக்கிரம் கருகும், அரிந்த வாய் பின்னால் சேர்ந்து பிளேட்டைக் கவ்வும்.

பிசினும் இல்லை, பல்லும் கூர் என்றால் நேர்க்கட்டையை அளவுங்கோ. பலகையை அண்டவைத்துத் தள்ளும் கட்டையைச் சொல்கிறேன், பிரெஞ்சில் "கீத் பராலேல்". பிளேட்டின் முன் பல்லிலிருந்து கட்டைவரை ஓர் அளவு, பின் பல்லிலிருந்து ஓர் அளவு. பின்னால் உள்ள அளவு சிறியது என்றால் பலகை இறுகிக் கருகும், திரும்பவும் எறியும். நீளப்பாட்டுக்கு அரிய 24 அல்லது 28 பல் போன்ற குறைந்த பல் பிளேட் நல்லது. 60 பல்லுக்கு மேற்பட்டது குறுக்கே வெட்டவும் ஒட்டுப்பலகைக்கும். மாற்றிப் போட்டாலும் கருகும். ஒரு பல் விழுந்தாலோ பல்லுக்கடியில் வெடிப்புக் கண்டாலோ அந்தப் பிளேட் முடிந்தது, ஒட்டிப் பாவிக்க முடியாது. மாற்றும்போது பிளேட்டில் அச்சடித்த அதிகூடிய சுற்றுவேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறையக்கூடாது. நட்டு எப்பக்கம் கழலும் என்று குழம்பினால், பிளேட் சுற்றும் பக்கமாகவே திருகுங்கோ.

மரம் திரும்ப எறிவதுதான் இந்த வாளின் பெரிய ஆபத்து. 315 மில்லிமீற்றர் பிளேட் நிமிடத்துக்கு 4000 முறை சுற்றினால் பல்லின் வேகம் செக்கனுக்கு 66 மீற்றர், மணிக்கு 230 கிலோமீற்றருக்கு மேல். கையை இழுக்க நினைக்க முதலே எல்லாம் முடிந்திருக்கும். இதைத் தடுக்க பிளேட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தகடு நிற்கும்: "குத்தோ டிவிசேர்", ஜெர்மனில் "ஸ்பால்ட்கைல்". ஊரில் பல வாள்களில் இது இருப்பதில்லை, அதனால் இடைஞ்சல் என்று கழற்றத் தோன்றும். அரிந்த வாய் மூடாமல் பிடிப்பது அதுதான். தகடு பிளேட்டின் உடலைவிடத் தடிப்பாகவும், பல் அரியும் அகலத்தைவிட மெல்லிதாகவும் இருக்கவேணும். பல்லுக்கு 8 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நிற்கக்கூடாது. வேறு அளவு பிளேட் போட்டால் தகட்டையும் சரிசெய்யவேணும், இதைத்தான் ஆட்கள் மறப்பது. பிளேட்டுக்கும் நேர்க்கட்டைக்கும் இடையில் 12 சென்ரிமீற்றர் கூட இல்லை என்றால் கை உள்ளே போகக்கூடாது, தள்ளுகட்டையால் தள்ளுங்கோ. அதற்கு "பூசுவார்" என்று பெயர்.

ரெனான் 900 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. சூடாக்காத பட்டறையில் தை மாதம் விரல் விறைக்கும். ஆனால் சுற்றும் பிளேட்டில் கையுறை போடக்கூடாது. நூல் ஒன்று பட்டாலே கையை இழுத்துவிடும். சால்வை, தொப்பி நாடா, கோயிலில் கட்டின காப்பு நூல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நூலைக் கழற்ற மனமில்லை என்றால் இறுக்கமான சட்டைக் கைக்குள் விட்டு மூடுங்கோ.

"சொன்னால் வேலை போய்விடும்" என்ற பயம் பலரிடம் உண்டு. சட்டம் மறுபக்கம் நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் விபத்துத் தடுப்பு ஒழுங்குவிதியின் 11ஆம் பிரிவுப்படி, ஆபத்தான குறையைக் காணும் தொழிலாளி அதைத் திருத்த முடியாவிட்டால் உடனே முதலாளிக்குச் சொல்லியே ஆகவேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றுவதும் குற்றம். மரவேலை நிறுவனங்களின் விபத்துக் காப்புறுதி "சுவா". வேலையில் காயம் என்றால் வைத்தியச் செலவை அது கட்டும், மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதம் தரும். பதியாமல் வேலை செய்வித்தார் என்பதற்காக உங்கள் காப்புறுதி உரிமை இல்லாமல் போவதில்லை. வேலைப் பயிற்சித் திட்டத்தில் இருப்பவர்கள் எந்தக் காப்புறுதி என்று முதல் நாளே கேளுங்கோ. எந்த அனுமதியும் இல்லாமல் தொடங்க வேண்டாம்: கூட்டரசு நிலையத்தில் இருக்கும்வரை சம்பள வேலை இல்லை, கன்ரோனுக்கு வந்த பிறகு 'என்' அட்டைக்கு அனுமதி வேண்டும், 'எஃப்' அட்டைக்கு 2019இலிருந்து முதலாளி அறிவித்தால் போதும்.

விரல் துண்டானால் 144. துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கோ. ஐஸ் நேரே படக்கூடாது.

பொறுப்பாளரிடம் சொல்ல இந்த வசனங்கள் போதும். வாள் பழுது: "லா சி எ ஆன் பான்". கரண்ட் வெட்டுப்பட்டது: "ல டிஸ்ஜோன்க்தேர் ஆ சோத்தே". உறுமுகிறது, சுற்றவில்லை: "ல மொத்தேர் ரோன்ஃப்ல், மே இல் ந தூர்ன் பா". பிளேட் மரத்தைக் கருக்குகிறது: "லா லாம் ப்ரூல் ல புவா". தகடு இல்லை: "இல் நியா பா த குத்தோ டிவிசேர்". காட்டித் தருவீங்களா: "வூ பூவே ம மோன்த்ரே?" சொன்ன பிறகு, அடுத்த ஆள் தெரியாமல் போட்டுவிடாதபடி, "ஓர் சேர்விஸ்" என்று பிரெஞ்சில் எழுதித் தரச் சொல்லி அந்த அட்டையைப் பிளக்கில் கட்டி விடுங்கோ.