பதினெட்டு வயதும் அரசாங்க ஹோமும்

"பதினெட்டு முடிஞ்சா கவர்மென்ட் பொறுப்பெடுக்கும் தானே?" நாவுல சந்தியிலும் கேட்கிறார்கள், கிளினிக் வரிசையிலும் கேட்கிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடம் எவரோ 'அதுக்குச் சட்டமே இருக்கு' என்றும் சொல்லி வைத்திருக்கிறார். எந்தச் சட்டம் என்று திருப்பிக் கேட்டால் பதில் கிடையாது.

இலங்கையில் இருக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இயலாமையைக் காரணம் காட்டி வேலையிலோ பாடசாலையிலோ எவரையும் ஒதுக்காதே என்கிறது. வளர்ந்த பிள்ளையை அரசு ஏற்றுப் பராமரிக்கும் என்று அதில் ஒரு வரி கிடையாது. நடப்பது வேறு. பராயமடையும் வயது பற்றிய சட்டத்தின் 1989 திருத்தத்துக்குப் பிறகு அந்த வயது 18. அன்றோடு அவன் சிறுவர் பராமரிப்புக்குரிய பிள்ளை இல்லை. தாய் தகப்பனின் பாதுகாவலும் முடிகிறது. காணி, வங்கிக் கணக்கு என்று வந்தால் பாதுகாவலர் நியமனத்துக்கு மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும். இதை ஒருவரும் கேட்பதில்லை. ஹோமைத்தான் கேட்கிறார்கள்!

அரசு தருவது, தெரிவான குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இயலாமைக்கான மாதக் கொடுப்பனவு. 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. சீதுவையிலும் வத்தேகமையிலும் சமூக சேவைத் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. பயிற்சி முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வர வேண்டும். நீங்கள் கேள்விப்படும் ஹோம்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. இடமிருந்தால், அவர்கள் மனம் வைத்தால் உண்டு. இந்தியாவில் 1999இலேயே ஓட்டிசத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. நமக்கு வதந்திதான் வந்திருக்கிறது.

ஹோம் கிடைத்தே விட்டது என்று வையுங்கள். இங்கே ஒரு பையன், வயது பத்தொன்பது. சோறும் பருப்பும் ஒரே கோப்பையில் ஒட்டினால் கை வைக்க மாட்டான். பருப்பைத் தனிக் கிண்ணத்தில், இடது பக்கம் வைத்தால் ஒரு பருக்கை மிஞ்சாது. இது தெரியாத இடத்தில் முதல் நாள் பட்டினி, இரண்டாம் நாள் 'அடம்', மூன்றாம் நாள் தூக்க மாத்திரை. மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? பணமும் சட்டமும் உள்ள இங்கிலாந்தில், விண்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் இத்தகையவர்களை ஊழியர்கள் அடித்ததை 2011இல் பீபீசியின் மறைவான கமரா காட்டியது.

ஹோம் கதையோடு சுற்றும் வேறு பேச்சுகளும் உண்டு. 'கல்யாணம் கட்டி வைத்தால் சரியாகும்': இன்னொரு வீட்டுப் பிள்ளையை மருந்தாகக் கேட்க வெட்கமில்லையா? 'அங்கொடையில் விடலாம்': அது மனநல வைத்தியசாலை; ஓட்டிசம் மனநோயும் அல்ல. 'தடுப்பூசியால் வந்தது': அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998 கட்டுரையை லான்செட் சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது.

நாம் கேட்க வேண்டியது பகல் நிலையம். காலையில் போய்ப் பின்னேரம் வீடு திரும்பும் இடம். சோறாக்க, உடுப்புத் துவைக்க, பஸ் ஏற அங்கே பழகலாம். இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்த, இயலாமையுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரையும் சமூகத்தோடு வாழும் உரிமையைத்தான் பேசுகிறது. அப்படியொரு நிலையத்துக்கு இடமா இல்லை? கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் திறக்கிற பொது மண்டபங்கள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! பிரதேச சபைக்கு வோட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தெருவுக்குக் கொங்கிரீட் கேட்கிறீர்களே, அந்த மண்டபச் சாவியையும் கேளுங்கள்.