காம்ப் போன பிள்ளையின் படக் கொப்பி

சென்ற வசந்தத்தில் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "அப்பா, காம்ப் போறதுக்கு சைன் வேணும்" என்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நாட்கள் காட்டில் தங்கி, மரம், பூச்சி, பறவைகளைப் பார்த்துப் படம் கீறி எழுத வேண்டுமாம். (இந்திய நண்பர்கள் 'வரைதல்' என்பதை நாங்கள் 'கீறுதல்' என்போம்.) 'காம்ப்' என்ற சொல் ஈழத்திலிருந்து வந்தவர்களின் காதில் விழும் விதம் வேறு. அதை இங்கே விரிக்கவில்லை. படிவம் இரண்டு நாள் மேசையில் கிடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆலயத்தில் பிரசாத வரிசையில் நின்றபோது கதைத்துப் பார்த்தேன். தயங்குவது நான் மட்டுமல்ல என்று தெரிந்தது. ஆனால் மற்றவர்களின் காரணம் வேறு. "படம் கீறவா மூன்று நாள்? அந்த நேரத்தில் நாலு கணக்குப் பாடம் முடிக்கலாமே" என்றார் ஒரு தாய். கணக்கையே தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையில் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் பிள்ளையிடம் ஒரு மலை கீறச் சொல்லுங்கள். இரண்டு பச்சை முக்கோணம், நடுவில் உதிக்கும் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை வரும். நாம் சிறுவயதில் கீறியது, நாமே சொல்லிக் கொடுத்தது. சான் ரமோனில் பிறந்த பிள்ளை இந்தக் காட்சியை ஒருநாளும் கண்டதில்லை. இங்குள்ள குன்றுகள் மழைக்காலத்தில்தான் பச்சை. மே மாதம் முடியுமுன் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். 3,849 அடி உயரமான டயாப்லோ மலையின் உச்சி எமக்கு வடக்கு வடகிழக்காக நிற்கிறது. யூன் மாதத்தில்கூடச் சூரியன் அதற்கு வலப்புறமாகத்தான் உதிக்கும். தினமும் காரில் போகும் வழியில் நிற்கும் மலை. என் மகள் கீறத் தொடங்கிய பிறகுதான் எனக்கே இது தெரியும்.

இத்தகைய காம்ப்களில் பிள்ளைகள் பழகும் முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் இதே வளைகுடாப் பகுதி இயற்கையாளர், ஜான் மியூர் லாஸ். ஓர் இலையையோ பூச்சியையோ முன்னால் வைத்துக்கொண்டு மூன்று விடயம் கேட்க வேண்டும்: நான் காண்பது என்ன? எனக்கு எழும் கேள்வி என்ன? இது எனக்கு எதை நினைவூட்டுகிறது? படத்தின் பக்கத்தில் திகதி, நேரம், இடம், வானிலை எழுத வேண்டும். அளவு தெரிந்தால் அளவு, எண்ண முடிந்தால் எண்ணிக்கை. கணக்காளன் கண்ணுக்கு இது ஒரு தினப் பேரேடு! படம் அழகாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு உண்மையாக இருக்க வேண்டும்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். எங்கள் குன்றுகளில் நச்சு ஓக் என்ற செடி ஏராளம். தொட்டால் நாட்கணக்கில் தோல் அரித்துக் கொப்பளிக்கும். அதற்கு ஒரு காம்பில் மூன்று இலை. உண்மையான ஓக் மரத்துக்கு இலைகள் தனித்தனி. கரையோர ஓக்கின் இலை கவிழ்த்த தோணிபோல் வளைந்து, விளிம்பில் முள் வைத்திருக்கும். தொடாமல், தள்ளி நின்று இரண்டையும் ஒருமுறை கீறிய பிள்ளை பிறகு மாறிப் பிடிக்காது. எச்சரிக்கைப் பலகையை நூறு தரம் வாசித்த நான் இப்போதும் அவளைக் கேட்டுத்தான் ஒதுங்குகிறேன்.

படிவத்தில் நான் கையெழுத்திட்டது இதற்காக அல்ல. அந்த நாட்களில் ச்சியூரா ஒபாடா என்பவரைப் பற்றி வாசித்தேன். 1885இல் யப்பானில் பிறந்து, 1903இல் சான் பிரான்சிஸ்கோ வந்து, 1932 முதல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். 1927இல் யோசமிட்டி மலைகளில் தங்கிக் கீறிய படங்களால் புகழ் பெற்றவர். 1942இல் அரசாங்க உத்தரவின்படி மேற்குக் கரையோர யப்பானியர்களை, பிரசைகள் உட்பட, வெளியேற்றி அடைத்தார்கள். ஒபாடாவின் குடும்பம் சான் புரூனோவில் உள்ள டான்போரன் குதிரைப் பந்தயத் திடலுக்கு அனுப்பப்பட்டது. பலருக்குக் கிடைத்த வீடு, குதிரை நின்ற லாயம். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றப் போகும்போது நாம் தாண்டிப் போகும் இடம்தான். பின்னாளில் அங்கே கடைத்தொகுதி எழும்பியது. 2022இல் பக்கத்து ரயில் நிலையத்தில் ஒரு நினைவுச் சிலை வைத்தார்கள்.

அங்கு போய்ச் சில வாரங்களுக்குள், அந்த மே மாதமே, ஒபாடா மற்ற ஓவியர்களுடன் சேர்ந்து ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். வெளியிலிருந்த நண்பர்கள் தாளும் வர்ணமும் கொடுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை முதல் எழுபது கடந்தவர் வரை 600 பேருக்கு மேல் படித்தார்கள். அவருடைய மனைவி ஹருகோ பூ அலங்காரம் கற்பித்தார். பிறகு எல்லோரையும் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் டோபாஸ் முகாமுக்கு மாற்றியபோது பள்ளியும் கூடப் போயிற்று. அவர்களிடமிருந்து கமராக்கள் பறிக்கப்பட்டிருந்தன. ஆகவே வரிசையில் நிற்பவர்கள், கம்பி வேலி, தூசிப் புயல், வேலிக்கு அப்பால் மலை என்று அவர் கீறி வைத்தவை இன்று சாட்சியாக இருக்கின்றன. எங்களில் எத்தனை பேரிடம் விட்டு வந்த வீட்டின் ஒரு படமாவது இருக்கிறது?

அடுத்த நாள் காலை கையெழுத்திட்டேன்.

காம்ப் போகாத பிள்ளைகளும் வீட்டிலேயே பழகலாம். ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். அழிறப்பர் கொடுக்காதீர்கள், அழிப்பதிலேயே நேரம் போய்விடும். ஓர் இலையைக் கொடுத்து, தாளைப் பார்க்காமல் இலையின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்து, அதே வேகத்தில் பென்சிலை நகர்த்தச் சொல்லுங்கள். கோணலாக வரும், பிள்ளை சிரிக்கும். இரண்டாம் முறை பார்த்துக் கீறும்போது வித்தியாசம் தெரியும். பெற்றோரும் பக்கத்தில் இருந்து கீறுவது நல்லது. திருத்த வேண்டாம். புகழவும் வேண்டாம், "இதில் என்ன கண்டாய்?" என்று கேளுங்கள்.

மகள் ஒரு பக்கத்தில் ஓக் கொட்டை கீறி, 'இதை யார் சாப்பிடுவார்கள்?' என்று கேள்வி எழுதியிருந்தாள். அணில் என்று சொல்லிவிட்டு, சந்தேகத்துடன் நூலகத்துக்குப் போனோம். இந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான ஓலோனி, மிவோக் மக்களுக்கு அது முக்கிய உணவாம். இடித்து மாவாக்கி, தண்ணீர் விட்டு விட்டுக் கசப்பைப் போக்கி, கஞ்சியாகக் காய்ச்சுவார்களாம். பனங்கிழங்கின் ஒடியல் மாவை என் அம்மா தண்ணீரில் ஊறவிட்டு வடிப்பதும் அதே கசப்புக்காகத்தான் என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் மூன்றாம் கேள்விக்கு இடம் வெறுமையாக இருந்தது. அதில் 'அப்பம்மாவின் கூழ்' என்று எழுதினாள்.